ரிக்: ஒரு பங்கின் நடுக்க வரலாறு

திருச்செங்கோட்டில் 'ரிக்' என்று சொன்னால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியைக் காட்டுவார்கள். நியூயார்க் பங்குச்சந்தையில் அதே பெயர், கடலுக்கடியில் துளை போடும் ட்ரான்ஸ்ஓஷன் நிறுவனத்தின் பங்கைக் குறிக்கும். 1993இல் பட்டியலில் ஏறிய பங்கு அது. 160 டாலருக்கு மேலும் விலை போயிருக்கிறது. ஏறக்குறைய 70 சென்ட்டுக்கும் கை மாறியிருக்கிறது.

விலை எவ்வளவு குலுங்குகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவைச் சந்தைக்காரர்கள் வாலட்டிலிட்டி என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கான சூத்திரம் அரைப் பக்கம்கூட வராது. ஆனால் இந்தப் பங்கின் வாழ்க்கையில் அந்தச் சூத்திரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு நாளில் தடுக்கி விழுந்திருக்கிறது. அதனால்தான் இதன் கதையைச் சொல்ல நினைத்தேன்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்செங்கோட்டு லாரி அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும். கடல் ரிக் வாங்குவது நாள் வாடகை. எண்ணெய் கிடைத்தாலும் வறண்ட கிணறாகப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஆழ்கடல் ரிக் ஒன்றுக்கு நல்ல காலத்தில் நாளொன்றுக்கு 5 லட்சம் டாலரும் அதற்கு மேலும் கிடைத்தது. ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்குப் போடப்படுபவை. ஆகவே எண்ணெய் விலை இன்று விழுந்தால் ரிக் நிறுவனத்தின் வருமானம் இன்றே விழாது. ஒப்பந்தம் முடிகிற நாளில்தான் அடி விழும். இன்னொரு பக்கம், ஒரு துளைப்புக் கப்பல் கட்ட ஐம்பது கோடி டாலருக்கு மேல் வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கடன். வாடகை நின்றாலும் வட்டி நிற்காது. மேற்பரப்பில் அமைதியும் அடியில் கடனும் இருக்கும் இந்த அமைப்பைத்தான் வாலட்டிலிட்டி எண் அளக்க வேண்டியிருக்கிறது.

பிறப்பும் வளர்ப்பும் சுருக்கமானவை. அலபாமா மாநிலத்து இயற்கை எரிவாயு நிறுவனமான சோனட்டின் கிளையாக, சோனட் ஆஃப்ஷோர் ட்ரில்லிங் என்ற பெயரில் பங்கு வெளிவந்தது. சிகாகோ ஆப்ஷன் சந்தை, ஒட்டுமொத்தச் சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் குறியீட்டை அறிமுகப்படுத்தியதும் அதே 1993இல்தான். 1996இல் சோனட் ஆஃப்ஷோர், நார்வேயின் ட்ரான்ஸ்ஓஷனை வாங்கி அதன் பெயரைச் சூடிக்கொண்டது. 1997இல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தது. 1999இல் செட்கோ ஃபோரெக்ஸும் 2001இல் ஆர் அண்ட் பி ஃபால்கனும் வந்து சேர்ந்தன. ஃபால்கன் ஏற்கெனவே தென் கொரியாவின் ஹூண்டாய் தளத்தில் ஒரு ரிக்கைக் கட்டக் கொடுத்திருந்தது. அதன் பெயர் டீப்வாட்டர் ஹொரைசன்.

இனி அளவுகோல். ஒவ்வொரு நாளின் முடிவு விலையை முந்தைய நாள் விலையால் வகுத்து, அந்த விகிதத்துக்கு இயல் மடக்கை எடுக்க வேண்டும். மடக்கை எதற்கு? 100 டாலர் பங்கு 50க்கு இறங்கி மறுநாள் 100க்குத் திரும்பினால், முதல் நாள் 50 சதவீத நட்டம், மறுநாள் 100 சதவீத லாபம். சராசரி 25 சதவீத லாபம் என்று வாய்ப்பாடு சொல்லும். கையில் ஒரு பைசா கூடவில்லை. மடக்கையில் இரண்டும் 69.3 சதவீதம் என்ற ஒரே அளவில் எதிரெதிர்க் குறியோடு வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இப்படிக் கிடைத்த தினசரி எண்களுக்குத் திட்ட விலக்கம் கண்டுபிடித்து, ஆண்டுக்கு 252 வர்த்தக நாட்கள் என்பதால் 252இன் வர்க்கமூலமான 15.87ஆல் பெருக்கினால் ஆண்டு வாலட்டிலிட்டி. தினசரி விலக்கம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 47.6 சதவீதம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் அதிகம் ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் அதற்குள் போடப்படும் விலைகளில்தான்.

முதல் பள்ளம் 2007 நவம்பரில். குளோபல் சான்டாஃபே நிறுவனத்தோடு இணைந்தபோது பழைய ட்ரான்ஸ்ஓஷன் பங்கு ஒவ்வொன்றுக்கும் 33.03 டாலர் ரொக்கமும் 0.6996 புதிய பங்கும் கொடுத்தார்கள். நூறு பங்கு வைத்திருந்தவரிடம் 69.96 பங்கும் 3,303 டாலரும் இருந்தன. இணைப்புக்கு முந்தைய விலை 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அன்று எந்தச் செய்தியும் இல்லையென்றால் புதிய பங்கின் விலை 124.31 டாலராக இருக்கும். யாருக்கும் லாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆனால் விலைப் பட்டியல் தயாரிப்பவர் ரொக்கத்தை மறந்து, இதை வெறும் பங்கு எண்ணிக்கைக் குறைப்பாக மட்டும் பதிந்தால், பழைய விலையை 171.53 என்று திருத்திவிடுவார். பட்டியலில் ஒரே நாளில் 32 சதவீத மடக்கை வீழ்ச்சி தோன்றும். அந்த ஆண்டின் உண்மையான வாலட்டிலிட்டி 35 சதவீதம் என்றால், இந்த ஒற்றைப் பொய் நாளே அதை 47 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடும். இல்லாத நிலநடுக்கத்தைப் பதிவுசெய்துவிட்டு, இந்தப் பங்கு ஆபத்தானது என்று அறிக்கையும் எழுதலாம். இலவசமாகக் கிடைக்கும் பட்டியலை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

2008 மே மாதத்தில் பங்கு தன் உச்சத்தைத் தொட்டது. 160 டாலருக்கு மேல் விலை, 31 கோடிக்கும் அதிகமான பங்குகள். நிறுவனத்தின் சந்தை மதிப்பு 5,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆண்டு முடிவில் 47 டாலர். லீமன் பிரதர்ஸ் சரிந்த ஆண்டு அது. நவம்பர் 20 அன்று விக்ஸ் 80.86இல் முடிந்தது. எல்லாப் பங்கும் ஆடியபோது இதுவும் ஆடியது என்பதால் இங்கே நிற்க அதிகம் இல்லை. அந்த டிசம்பரில் நிறுவனம் தன் சட்ட முகவரியைக் கேமன் தீவுகளிலிருந்து சுவிட்சர்லாந்தின் சூக் நகருக்கு மாற்றிக்கொண்டது. பின்னால் இது முக்கியமாகும்.

2010 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. சுவிஸ் பங்குச்சந்தையில் ட்ரான்ஸ்ஓஷன் பங்கு முதன்முதலாக வர்த்தகமான நாள். அன்றிரவு, லூசியானா கரைக்கு அப்பால் மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் நீராழத்தில், பிபி நிறுவனத்தின் மகோண்டோ கிணற்றில் நின்றிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தது. 126 பேர் இருந்த ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் ட்ரான்ஸ்ஓஷன் ஊழியர்கள். ஏப்ரல் 22 அன்று ரிக் மூழ்கியது.

இப்போது விலைப் பட்டியலைப் பாருங்கள். வெடித்தபோது அங்கே மணி இரவு 9.49, நியூயார்க்கில் 10.49. சந்தை மூடி ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாளின் உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் கொண்டு வாலட்டிலிட்டி கணக்கிடும் முறையை மைக்கேல் பார்க்கின்சன் 1980இல் கொடுத்தார். முடிவு விலை ஒன்றையே நம்புவதைவிட அது நுட்பமானது என்று பெயர். ஆனால் சந்தை மூடியிருக்கும் நேரத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. கடலில் விபத்து, சந்தை மணியைக் கேட்டு வருவதில்லை. ஆகவே இந்தத் தொழிலுக்கு அந்த முறையைத் தனியாகப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

அதைவிட வியப்பு, அடுத்த சில நாட்கள் பங்கு பெரிதாக அசையவில்லை என்பது. விபத்துக்கு முன் 92 டாலர் அளவில் இருந்தது. அந்த வாரம் அதைச் சுற்றியேதான் நின்றது. ரிக் 56 கோடி டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தது, கிணறோ பிபியுடையது. இழப்பு ஒரு ரிக்கோடு முடிந்தது என்று சந்தை கணக்குப் போட்டிருக்க வேண்டும். கடலடியில் எண்ணெய் கசிவது நிற்கவில்லை என்று தெரியத் தெரியத்தான் விலை இறங்கத் தொடங்கியது. மே 27 அன்று ஆழ்கடல் துளைப்புக்கு அமெரிக்க அரசு ஆறு மாதத் தடை அறிவித்தது. சேற்றைச் செலுத்திக் கிணற்றை அடைக்கும் முயற்சி மே 29 அன்று தோற்றது. ஜூன் 1 அன்று குற்றவியல் விசாரணை பற்றிய அறிவிப்பு வர, ஒரே நாளில் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஜூன் இரண்டாம் வாரத்தில் விலை 50 டாலருக்குக் கீழே.

ஏப்ரல் 20 மாலையில் ஒருவர் கடந்த ஓராண்டுத் தரவை வைத்து வாலட்டிலிட்டி கணக்கிட்டிருந்தால், 2009 தொடக்கத்தின் பதற்றம் கணக்கிலிருந்து விலகிவிட்ட, அமைதியான எண் ஒன்றே கிடைத்திருக்கும். விக்ஸ்கூட அந்த மாதத்தில் 16 அளவுக்கு இறங்கியிருந்தது. அளவுகோல் பழுதானது என்று சொல்ல முடியாது. அது பின்னோக்கிப் பார்க்கும் கருவி. அடுத்த இரவைப் பற்றி அது எதுவும் சொன்னதே இல்லை.

இருபது நாள் சராசரி வைத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. பெரிய வீழ்ச்சி நாள் ஒன்று கணக்கில் நுழைந்ததும் எண் தாவும். இருபது வர்த்தக நாட்கள் கழித்து, அந்த நாள் வரிசையிலிருந்து வெளியேறும்போது, எதுவுமே நடக்காத ஒரு சாதாரண நாளில் எண் திடீரென்று இறங்கும். ஜே.பி. மார்கன் 1994இல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை இதற்கு மருந்து: நேற்றைய மதிப்பீட்டுக்கு 0.94 பங்கு எடையும் இன்றைய நகர்வின் வர்க்கத்துக்கு 0.06 பங்கு எடையும் கொடுக்கும். அதிர்ச்சியின் நினைவு பதினொரு நாளில் பாதியாக மங்கும், சட்டென்று மறையாது. குலுக்கல் குலுக்கலைத் தொடரும் என்பதைக் கணிதமாக்கியதற்காகத்தான் ராபர்ட் எங்கிளுக்கு 2003இல் நோபல் கிடைத்தது.

மகோண்டோ விபத்துக்குப் பிந்தைய முதல் இருபது வர்த்தக நாட்களுக்குள் மே 6 வேறு வந்து விழுந்தது. அன்று பிற்பகல் டவ் ஜோன்ஸ் சில நிமிடங்களில் ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள் சரிந்து மீண்டது. அதற்கும் மகோண்டோவுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே இந்தப் பங்கின் நகர்விலிருந்து சந்தை முழுவதின் நகர்வைக் கழித்துவிட்டு, மிச்சத்தின் திட்ட விலக்கத்தைத் தனியாகப் பார்த்தால்தான் விபத்தின் அளவு தெரியும்.

மகோண்டோ வெடித்து மூன்று வாரத்தில், மே 13 அன்று, வெனிசுவேலா கடலில் இன்னொரு ரிக் மூழ்கியது. பெயர் அபான் பேர்ல். உரிமையாளர் நம் சென்னையின் அபான் ஆஃப்ஷோர் குழுமம். நல்லவேளையாக 95 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். செய்தியை உலகுக்குச் சொன்னது அந்நாட்டு அதிபர் சாவேஸின் ட்விட்டர் கணக்கு. அபானின் கதையும் இதே வடிவம்தான்: நல்ல காலத்தில் பெருங்கடன் வாங்கி நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தை வளைத்தார்கள், 2008 தொடக்கத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போன பங்கு, 2020இல் இரண்டு இலக்கத்துக்கு இறங்கியது. நம் சந்தையில் அளக்கிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பங்குகளுக்கு இங்கே தினசரி விலை வரம்பு உண்டு. விற்க ஆயிரம் பேர் வரிசையில் நின்றாலும் ஐந்து சதவீதத்துக்குக் கீழே விலை இறங்காது என்று பூட்டிவிட்டால், பத்து நாள் பீதி பத்து ஒழுங்கான ஐந்து சதவீதமாகப் பதிவாகும். சூத்திரம் அதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு ட்ரான்ஸ்ஓஷனின் அடுத்த கட்டமே சாட்சி.

2013 முடிவில் பங்கு விலை 49.42 டாலர். அமெரிக்க நீதித்துறையோடு 140 கோடி டாலருக்குச் சமரசமாகி, விபத்தின் நிழல் ஓரளவு விலகியிருந்தது. முதலீட்டாளர் கார்ல் ஐகான் பங்குகளை வாங்கி, அதிக ஈவுத்தொகை கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். 2014 ஜூனில் பிரெண்ட் எண்ணெய் 115 டாலரைத் தொட்டது. பிறகு அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகிச் சந்தை நிரம்பியது. நவம்பர் 27 அன்று, நன்றி நவிலல் நாள் விடுமுறைக்காக நியூயார்க் சந்தை மூடியிருந்தபோது, உற்பத்தியைக் குறைக்கப்போவதில்லை என்று ஒபெக் அறிவித்தது. 2016 ஜனவரியில் பிரெண்ட் 30 டாலருக்குக் கீழே. ட்ரான்ஸ்ஓஷன் 2015 முடிவில் 12.38 டாலர். இரண்டே ஆண்டில் நான்கில் மூன்று பங்கு போயிற்று.

இந்த வீழ்ச்சியை 504 வர்த்தக நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 0.27 சதவீதம். அப்படி ஒரே அளவாக, நாள் தவறாமல் விழுந்திருந்தால் வாலட்டிலிட்டி எவ்வளவு இருந்திருக்கும்? பூஜ்யம். திட்ட விலக்கம் என்பது சராசரியிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதன் அளவு. தினமும் விழுவதே சராசரியாகிவிட்டால் விலகல் ஏது? உண்மையில் பங்கு நிறையவே குலுங்கிக்கொண்டுதான் விழுந்தது. ஆனாலும் முதலீட்டைத் தின்றது குலுக்கல் அல்ல, சரிவு. தொழில்முறையில் அளப்பவர்கள் சராசரியைக் கழிக்காமல் பூஜ்யத்திலிருந்தே விலக்கம் எடுப்பது வழக்கம். அது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். வாலட்டிலிட்டி என்றால் ஆபத்து என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் ஆலோசகர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே காலத்தில் சுவிஸ் முகவரி தன் விளையாட்டைக் காட்டியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிரான 1.20 ஃப்ராங்க் வரம்பைக் கைவிட்டது. சில நிமிடங்களில் ஃப்ராங்க் எகிறியது. டாலருக்கு எதிராகவும் பதினைந்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. நியூயார்க்கில் டாலரிலும் சூரிக்கில் ஃப்ராங்கிலும் விற்பனையான ஒரே பங்குக்கு அன்று இரண்டு வெவ்வேறு வாலட்டிலிட்டி. சூரிக்கில் விழுந்ததில் பெரும்பகுதி எண்ணெயும் அல்ல, ரிக்கும் அல்ல, நாணயம். அந்த ஆண்டிலேயே ஈவுத்தொகை முதலில் வெட்டப்பட்டது, பிறகு நிறுத்தப்பட்டது. பங்கின் முகமதிப்பு 15 ஃப்ராங்க்; சந்தை விலை அதற்கும் கீழே போய்விட்டதால், முகமதிப்பையே 0.10 ஃப்ராங்காகக் குறைத்தார்கள். 2016இல் சுவிஸ் பட்டியலிலிருந்து வெளியேறினார்கள்.

கடைசிப் பெரிய அதிர்ச்சி கொரோனா ஆண்டு. 2019 முடிவில் 6.88 டாலராக இருந்த பங்கு மார்ச் மாதத்தில் ஒரு டாலர் பக்கம் வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று, மகோண்டோ வெடித்துச் சரியாகப் பத்து ஆண்டுகள் நிறைந்த நாளில், அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெய் விலை அலைவோடு ரிக் பங்கின் அலைவை ஒப்பிட்டுவந்தவர்களின் கணினிகள் அன்று பிழைச் செய்தி காட்டியிருக்கும். எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது.

இலையுதிர் காலத்தில் பங்கு ஏறக்குறைய 70 சென்ட். அந்த விலையில் ஒரு சென்ட் என்பதே 1.4 சதவீதம். வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவே ஒரு சென்ட் மட்டும் தினமும் மேலும் கீழுமாகத் தள்ளாடினால்கூட, எந்தச் செய்தியும் இல்லாமலே ஆண்டு வாலட்டிலிட்டி 22 சதவீதம் என்று கணக்கு வரும். 160 டாலர் பங்கில் அதே ஒரு சென்ட்டை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அதற்கும் அடியில் இருந்தது கடன். 61 கோடிப் பங்குகள், 70 சென்ட் விலை: சந்தை மதிப்பு 43 கோடி டாலர். கடனோ பல நூறு கோடி டாலர். எளிய கணக்காகப் பார்ப்போம். கப்பல்களின் மதிப்பு 9 ரூபாய், கடன் 8 ரூபாய், பங்குதாரருக்கு மிச்சம் 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கப்பல் மதிப்பு 2 சதவீதம் மாறும்போது பங்கு 18 சதவீதம் மாறும். கடலில் எதுவும் கூடுதலாக ஆடவில்லை. கடன்தான் ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. பங்கு விழ விழ அதன் வாலட்டிலிட்டி ஏறுவதைப் பொருளியலாளர் ஃபிஷர் பிளாக் 1976இலேயே சுட்டிக்காட்டி, இந்தக் கடன் விகிதத்தையே காரணமாகச் சொன்னார். ரிக் நிறுவனத்தின் வாலட்டிலிட்டி எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, அதன் கடன் அட்டவணையையும் ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளையும் பார்க்காமல் போவது வீண்வேலை என்பேன். முதலில் அந்த இரண்டு தாள்கள், பிறகு சூத்திரம்.

2020இல் டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் ஆகிய மூன்று ரிக் நிறுவனங்களும் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சீட்ரில் இரண்டாம் முறையாக அதே வாசலுக்குப் போனது. பழைய பங்குகள் ஏறக்குறைய மதிப்பற்றுப் போய், கடனைக் கழித்துக் கட்டிய புதிய பங்குகள் பிறந்தன. இன்று இத்துறையின் பங்குகளை எடுத்து வாலட்டிலிட்டி ஒப்பிடுகிறவருக்கு அந்த நிறுவனங்களின் புதிய, துடைத்து வைத்த வரலாறு மட்டுமே பட்டியலில் கிடைக்கும். நூறு சதவீதமும் இழந்தவர்களின் நாட்கள் அதில் வராது. அந்தச் சுற்றில் ட்ரான்ஸ்ஓஷன் திவாலாகவில்லை. 2020ஐ 2.31 டாலரில் முடித்தது. 2023இல் 8 டாலரைத் தொட்டது. கடல் துளைப்புத் தொழிலின் ஏற்ற இறக்கத்தை முழுமையாக அளக்க விரும்பும் மாணவர் யாராவது இருந்தால், 1993இல் தொடங்கி அறுபடாமல் வரும் இந்த ஒரு பங்கின் விலைப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 நவம்பர் வரிசையைத் திருத்திவிட்டுத் தொடங்குங்கள்.